"நீங்க யாருங்க?"

எங்கள் மகளுக்கு அம்மாக்கள் இரண்டு பேர், காகிதத்தில் ஒருத்திதான், என் துணை. கல்யாணம் ஆகாத பெண் தனியாகத் தத்தெடுக்கலாம், எங்களைப் போல ஜோடியாக முடியாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் பள்ளியிலிருந்து போன், குழந்தைக்குக் காய்ச்சல். என் துணை கோவை ரயிலில் இருந்தாள், நான் ஓடினேன். வாசலிலேயே கேட்டார்கள், "நீங்க யாருங்க?" பெரியம்மா என்று பொய் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் தண்ணீர் பாட்டிலைக் கட்டிக்கொண்டு வந்தவள் "அம்மா" என்று கத்திவிட்டாள். அப்படியும் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

அப்புறம் வக்கீலைப் பார்த்தோம். முதலில், குழந்தையை அழைத்துப்போகவும் ஆஸ்பத்திரியில் சேர்க்கவும் எனக்கு அதிகாரம் தந்து என் துணை எழுதிய கடிதம், என் போட்டோ ஒட்டி, நோட்டரி முத்திரையோடு; பள்ளிக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று, என் பையில் ஒன்று. அடுத்தது உயில்: தனக்கு ஏதாவது ஆனால் காப்பாளர் நான்தான் என்று, இரண்டு சாட்சிகளோடு. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்தோம், சொந்தக்காரர்களை நம்ப முடியுமா? கோர்ட் நாளைக்கு அதை எப்படிப் பார்க்குமோ, அது வேறு கவலை. எங்களைப் போன்ற ஜோடிகளின் ஜாயிண்ட் அக்கவுண்ட்டுக்குத் தடையில்லை என்று நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட்டில் சொல்லியிருந்ததால் பேங்க் வேலை சுலபமாக முடிந்தது.

போன வாரம் அதே வாசலில் கடிதத்தை எடுப்பதற்குள் வாட்ச்மேன், "உள்ள போங்க மேடம்" என்றார்.