குறும்படம் எடுத்துக்கொண்டே தொழில்நுட்பம் கற்பது: கடைசி வேலையிலிருந்து தொடங்கும் வழி

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட் குறும்படத்துக்குக் கதை முடிவானதும் முதலில் பேசுவது கேமராவைப் பற்றித்தான். எந்தக் கேமராவை வாடகைக்கு எடுப்பது, எந்த லென்ஸ் வேண்டும், டிரோன் கிடைக்குமா என்ற பேச்சிலேயே இரண்டு வாரம் கழிந்துவிடும். படத்தொகுப்பு மென்பொருளைப் படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் முதன்முதலாகத் திறப்பார்கள்; ஒலியைச் சீர்செய்வது அதற்கும் பின்னால் வரும்; சப்டைட்டிலும் இறுதிக் கோப்பும் சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவில்தான் நினைவுக்கு வரும். கற்கும் வரிசையை இதற்கு நேர்மாறாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது. குறும்படத்தில் ஒரு பிழை நிகழும் இடம் வேறு, அது கண்ணில் படும் இடம் வேறு. ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமராவில் ஒளி விழும் நேரத்தை, தவறாக வைத்ததன் விளைவு திரையிடும் அறையில் தெரியவரும். விநாடிக்கு எத்தனை ஃபிரேம் (தனிப்படம்) என்ற ஃபிரேம் வீதத்தைக் கவனிக்காததன் விளைவு டப்பிங்கின்போது தெரியவரும். அப்போது திரும்பிப் போய்ப் படமெடுக்க நடிகரும் இருக்கமாட்டார், வீடும் கிடைக்காது.

ஆகவே படப்பிடிப்புக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பாக, ஒரு நிமிட அளவில் ஒரு சோதனைப் படத்தை முழுமையாக முடித்துவிடுங்கள். அதற்குக் கதை தேவையில்லை. இரவில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் இருவர் பேசும் ஒரு காட்சி, வெளியே தெருச் சத்தத்தில் ஒரு வசனம், தமிழில் ஒரு தலைப்பு, இரண்டு வரி சப்டைட்டில் ஆகியவை போதும். படத்துக்குப் பயன்படுத்தப்போகும் அதே கேமராவில், அதே மைக்கில், அதே கணினியில் இதைச் செய்து, இறுதிக் கோப்பாக்கி, திரையிடப்போகும் அதே அறையின் புரொஜெக்டரில் ஓட்டிப் பாருங்கள். நாற்பது மணிநேரப் பாடக் காணொளிகள் தராத தெளிவை இந்த ஒரு நிமிடம் தரும். எதைக் கற்க வேண்டும், எதை இந்தப் படத்துக்குக் கற்க வேண்டியதில்லை என்பதும் அப்போதே பிரிந்துவிடும்.

முதலில் இறுதிக் கோப்பு

உங்கள் துறையோ விழாவோ எந்த வடிவத்தில் படத்தைக் கேட்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரி மதிப்பீட்டுக்குப் பெரும்பாலும் 1920க்கு 1080 அளவில் எச்.264 என்ற சுருக்கமுறையில் அமைந்த எம்.பி.4 கோப்பு போதுமானது. திரையரங்கில் ஓட்டும் விழாக்கள் டி.சி.பி. (டிஜிட்டல் சினிமா பேக்கேஜ்) கேட்கலாம். அது ஒரே காணொளிக் கோப்பு அன்று. ஒவ்வொரு ஃபிரேமும் ஜேபெக் 2000 முறையில் தனிப்படமாகச் சுருக்கப்பட்டு, ஒலியும் விவரக் கோப்புகளும் சேர்ந்து ஒரு கோப்புறையாக வருவது. டி.சி.பி.-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் மாணவரே அதை உருவாக்க முடியும். திரையரங்குகளின் வழக்கமான வேகம் விநாடிக்கு 24 ஃபிரேம் என்பதால், அங்கே காட்டும் எண்ணம் இருந்தால் படப்பிடிப்பையும் 24இலேயே நடத்துவது நல்லது. கடைசி வேலையைப் பற்றிய இந்த ஒரு தகவல் கேமராவில் முதலில் அமைக்க வேண்டிய எண்ணைத் தீர்மானித்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பு மாணவர் படம் ஒன்றுக்கு வேண்டிய ஏறத்தாழ எல்லாவற்றையும் தருகிறது. 3840க்கு 2160 அளவு வரை வெளியீடும் எடுக்கலாம். அதைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனமே பயிற்சி நூல்களையும் பயிற்சிக்கான காட்சிகளையும் இலவசமாக வெளியிட்டிருப்பதால் அங்கிருந்து தொடங்குங்கள். பழைய கணினி வைத்திருப்பவர்கள் கேடென்லைவ், ஷாட்கட் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். எளிமையைக் கருதி அவற்றைக் குறைவாக மதிப்பிட வேண்டியதில்லை. ரிசால்வில் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு: காட்சிகளை உள்ளே கொண்டுவந்தபின் புராஜெக்டின் ஃபிரேம் வீதத்தை மாற்ற முடியாது. எனவே புராஜெக்டைத் திறந்தவுடன், வேறெதையும் தொடுமுன், அந்த எண்ணை அமைத்துவிடுங்கள். 4கே காட்சிகள் கணினியில் திக்கித்திக்கி ஓடினால் புதுக் கணினி தேடி அலைய வேண்டாம். ப்ராக்சி எனப்படும் சிறிய நகல்களை உருவாக்கி அவற்றில் தொகுத்து, இறுதிக் கோப்பை உருவாக்கும் ரெண்டரின்போது மூலக் காட்சிகளுக்கு மாறிக்கொள்ளலாம். ப்ராக்சியைக் கற்க அரை நாள் போதும். அது மிச்சப்படுத்துவது பல வாரங்களை.

கேமராவில் தெரிந்திருக்க வேண்டியவை

கைப்பேசியில் எடுப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். கைப்பேசியோடு வரும் கேமராச் செயலிகள் பெரும்பாலும் ஃபிரேம் வீதத்தை நிலையாக வைப்பதில்லை. வெளிச்சத்துக்கும் கைப்பேசியின் வேலைச் சுமைக்கும் ஏற்ப அது சற்றே கூடிக் குறையும். தனியாகப் பதிவுசெய்த ஒலியோடு அதைச் சேர்த்தால் தொடக்கத்தில் பொருந்தும் உதடசைவு சில நிமிடங்களில் விலகத் தொடங்கும். என் முதல் குறும்படத்தில் ஒரே மூச்சில் எடுத்த நீண்ட உரையாடல் ஒன்றை இந்தக் காரணம் தெரியாமல் நான்கு இரவுகள் துண்டு துண்டாக வெட்டி நகர்த்திக்கொண்டிருந்தேன். ஆண்டிராய்டுக்கும் ஐபோனுக்கும் இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் கேமரா போன்ற செயலியில் எண்களை நீங்களே அமைத்துப் பதிவுசெய்யுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்ட காட்சிகளை ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான ஃபிரேம் வீதத்துக்கு மாற்றிய பிறகு தொகுக்கத் தொடங்குங்கள்.

அடுத்தது ஷட்டர். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அலைவு கொண்டது. அதனால் ட்யூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்குகள் பலவும் விநாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. ஷட்டரை விநாடியில் 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்த மினுக்கம் முழு எண்ணிக்கையில் அடங்கிவிடுவதால் படம் சீராக இருக்கும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள அமெரிக்காவிலிருந்து வரும் பாடக் காணொளிகள் 1/60 என்று சொல்லும்; அதை அப்படியே பின்பற்றினால் சுவரில் பட்டைகள் ஊர்வதைக் காண்பீர்கள். 24 ஃபிரேமுக்கு 1/50 ஷட்டர் என்பது அசைவின் இயல்பான மங்கலையும் காத்துத் தரும். வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துப்போகும் என்பது உண்மைதான். ஷட்டரை உயர்த்தாமல், லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்ட்டரைப் பொருத்துவதே அதற்குரிய தீர்வு.

பின்னர் வண்ணத்தைக் கூட்டிக்கொள்வதற்காக வெளிறிய படமாகப் பதிவுசெய்யும் லாக் முறையில் எடுக்க எல்லா மாணவர்களுக்கும் ஆசை இருக்கிறது. உங்கள் கேமரா 8 பிட்டில் பதிவுசெய்வதானால் இந்தப் படத்துக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. 8 பிட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளே உண்டு. 10 பிட்டில் 1024. குறைந்த படிநிலைகளில் வெளிறிய லாக் படத்தை எடுத்துக் கலர் கிரேடிங்கில் (வண்ணத்தைச் சீர்செய்யும் வேலையில்) இழுத்தால் வானமும் முகத்தின் நிழலும் பட்டை பட்டையாகப் பிளக்கும். கேமராவின் இயல்பான வண்ண அமைப்பில், வெள்ளை வெள்ளையாகவே தெரிய அமைக்கும் ஒயிட் பேலன்ஸை நிலையாக வைத்து, முகத்தின் வெளிச்சத்தைச் சரியாக அளந்து எடுத்த படம் அதைவிட நன்றாக இருக்கும்.

ஒலிக்கு அதிக நாட்களை ஒதுக்குங்கள்

மாணவர் படங்களைப் பார்ப்பவர்கள் மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் புரியாத படத்தை விட்டுவிடுவார்கள். ஆகவே புதிதாக ஒன்றைக் கற்க உங்களிடம் பத்து நாள் இருந்தால் ஐந்து நாளை ஒலிக்குக் கொடுங்கள். மைக்கின் விலையைவிட அது இருக்கும் இடம் முக்கியம். பேசுபவரின் வாய்க்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரம் பாதியானால் நேரடியாக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் உயரும். அறையின் எதிரொலியும் தெருச் சத்தமும் அப்படி உயர்வதில்லை. கேமராவின் மேல் பொருத்திய விலையுயர்ந்த மைக்கைவிடச் சட்டைக் காலரில் குத்திய சாதாரண காலர் மைக் தெளிவான குரலைத் தருவதன் காரணம் இதுதான். தனி ரெக்கார்டர் இல்லையென்றால் இன்னொரு கைப்பேசியில் காலர் மைக்கைச் செருகி நடிகரின் பையில் வைத்துவிடலாம்; காட்சியின் தொடக்கத்தில் கிளாப் அடித்தால், அல்லது இரு கைகளையும் கேமராவுக்கு முன் ஓங்கித் தட்டினால், படத்தையும் ஒலியையும் அந்தப் புள்ளியில் பொருத்திக்கொள்ள முடியும். ரிசால்வ் ஒலி அலையின் வடிவத்தை ஒப்பிட்டுத் தானாகவும் பொருத்தும். அதற்குக் கேமராவிலும் ஒலி பதிவாகியிருக்க வேண்டும் என்பதால் அதை ஒருபோதும் அணைத்துவிடாதீர்கள்.

பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று அமைத்து, சத்தமான சொல்கூட ஒலி அளவுகோலில் கழித்தல் 12 டெசிபலை ஒட்டியே நிற்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டு எடுங்கள். ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்காதிருக்க வண்டிச் சாவியை அதனுள்ளேயே வைக்கும் வழக்கம் ஒலிப்பதிவாளர்களிடம் உண்டு. ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் வெறும் அறையின் ஒலியைப் பதிவுசெய்யுங்கள். ரூம் டோன் எனப்படும் அந்த ஒரு நிமிடம் இல்லாமல் வசனங்களை வெட்டி ஒட்டும்போது ஒவ்வொரு வெட்டிலும் அறை செத்துப் பிழைப்பதுபோல் கேட்கும். டப்பிங் செய்வதென்று முடிவெடுத்திருந்தாலும் படப்பிடிப்பில் பைலட் டிராக்கை, அதாவது டப்பிங்குக்கு வழிகாட்டியாக அங்கேயே பதிவாகும் ஒலியை, கவனமாக எடுங்கள். நடிகர் அந்த நேரத்தில் எங்கே மூச்சு வாங்கினார் என்பதை வேறெதுவும் நினைவில் வைத்திருக்காது.

தரவைக் காப்பது

விநாடிக்கு 100 மெகாபிட் வீதத்தில் பதிவுசெய்யும் கேமரா ஒரு மணிநேரத்தில் 45 ஜிகாபைட் நிரப்பும். 64 ஜிபி கார்டு ஏறத்தாழ 85 நிமிடம் தாங்கும். இந்தக் கணக்கைப் படப்பிடிப்புத் திட்டத்திலேயே எழுதுங்கள். கார்டிலிருந்து இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்குகளுக்கு நகலெடுத்து, இரண்டிலும் காட்சிகளை ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். ரிசால்வின் குளோன் டூல், நகலும் மூலமும் ஒன்றுதானா என்று சரிபார்த்துக்கொண்டே நகலெடுக்கும். இரண்டு டிஸ்குகளையும் ஒரே பையில் கொண்டுபோகாதீர்கள்.

தமிழ் எழுத்து

ஆங்கிலப் பாடக் காணொளிகள் எதுவும் சொல்லித்தராத பகுதி இது. சில மென்பொருள்களில், அல்லது அவற்றின் சில கருவிகளில், தமிழ் உடையும்: ‘கொ’ என்று தட்டினால் கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்கும், மெய்யெழுத்தின் புள்ளி தனியே மிதக்கும். சோதனைப் படத்தின் தலைப்பில் கொக்கு, கௌரவம், ஸ்ரீ என்ற மூன்று சொற்களையும் இட்டுப் பாருங்கள். மூன்றும் சரியாக வந்தால் பிற எழுத்துகளும் பெரும்பாலும் சரியாக வரும். அடோபி பிரீமியரில் அமைப்புகளுக்குள் தெற்காசிய எழுத்துமுறையைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் தீரும். எதிலும் சரிவராவிட்டால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தலைப்பை எழுதி, பின்னணி இல்லாத படமாகச் சேமித்து, தொகுப்பில் மேலே வைத்துவிடலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டற்ற யூனிகோடு எழுத்துரு ஒன்றைப் படம் முழுவதற்கும் தேர்ந்துகொள்ளுங்கள். வசனத்தாள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகியிருந்தால் முதலில் அதை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், எஸ்.ஆர்.டி. சப்டைட்டில் கோப்பை யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்காவிட்டால் திரையில் கேள்விக்குறிகளே வரிசைகட்டி நிற்கும்.

சப்டைட்டிலின் முதல் வரைவுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஓபன் ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் என்ற கட்டற்ற மென்பொருள், இணைய இணைப்பின்றி நம் கணினியிலேயே தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும். அதன் சிறிய மாதிரி 2 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகத்தில் ஓடும், பெரியதற்கு 10 ஜிபி வேண்டும். நெல்லைப் பேச்சையோ கொங்குப் பேச்சையோ அது எழுத்துத் தமிழாக மாற்ற முயன்று தவறிவிடும் என்பதால் ஒவ்வொரு வரியையும் காதால் கேட்டுத் திருத்துங்கள். உங்கள் நடிகர் தன் ஊர்ப் பேச்சில் உயிர்கொடுத்துச் சொன்ன வசனத்தை ஓர் இயந்திரத்தின் ஊகத்தில் விட்டுவிடக் கூடாது.

புதியதற்கு ஓர் இடம்

பிளெண்டர் போன்ற பெரிய முப்பரிமாண மென்பொருளை இந்தப் படத்திலேயே கற்க விரும்பினால் ஒரே ஒரு ஷாட்டுக்காகக் கற்றுக்கொள்ளுங்கள். அசையும் கேமராவில் எடுத்த ஒரு கடையின் பெயர்ப்பலகையை மாற்றுவது நல்ல முதல் பயிற்சி. கேமராவின் அசைவைக் கணக்கிடக் குறைந்தது 8 புள்ளிகளையாவது பிளெண்டர் பின்தொடர வேண்டியிருக்கும். ஆகவே வெறும் வெள்ளைச் சுவராக இல்லாமல், ஜன்னல் மூலை, கம்பி முனை என்று பிடிமானமுள்ள இடத்தில் அந்த ஷாட்டை எடுங்கள். அந்த ஷாட் தோற்றாலும் கதை நிற்க வேண்டும் என்பதால் பழைய பலகையோடு ஒரு மாற்று ஷாட்டையும் எடுத்து வையுங்கள்.

குழுவில் ஒருவர் ஒரு கருவியை மட்டும் ஆழமாகக் கற்று, வாரம் ஒருமுறை மற்றவர்களுக்கு அரைமணி நேரம் செய்துகாட்டட்டும். சொல்லிக்கொடுக்கும்போது தடுமாறும் இடமே அவர் இன்னும் கற்காத இடம். எந்த அமைப்பை மாற்றினீர்கள், என்ன ஆயிற்று என்று தேதியிட்டு ஒரு பொது நோட்டில் எழுதுங்கள். படம் முடியும்வரை எந்த மென்பொருளையும் புதிய பதிப்புக்கு மாற்றாதீர்கள். புதிய ரிசால்வில் மேம்படுத்திய புராஜெக்டைப் பழைய பதிப்பில் மீண்டும் திறக்க முடியாது, குழுவில் ஒருவர் மட்டும் மாற்றினாலும் மற்றவர்களின் வேலை நின்றுவிடும்.

சமர்ப்பிப்பதற்கு மூன்று நாள் முன்பு இறுதிக் கோப்பை அதே அறையில், அதே மடிக்கணினியிலிருந்து, அதே கேபிள் வழியாகத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை ஓட்டுங்கள். குழுவில் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து வசனம் கேட்கிறதா என்று பார்க்கட்டும். இன்னொருவர் படத்தைப் பார்க்காமல் சப்டைட்டிலை மட்டும் படித்துப் பிழை குறிக்கட்டும். திருத்தி மீண்டும் ரெண்டர் எடுக்க அந்த மூன்று நாள் போதும்.