ரிப்போர்ட் நார்மல், உடம்பு நார்மலாக இல்லை: படையிலிருந்து வந்தவர் என்ன எழுதி வைக்க வேண்டும்

படையிலிருந்து திரும்பிய ஒருவருக்கு மூட்டுவலி, தூக்கமின்மை, ஓயாத வயிற்றுக் கோளாறு, நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு, சொல்ல வந்த வார்த்தை நாக்கு நுனியிலேயே நின்றுவிடுவது என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது, போகிற டாக்டர் எல்லாம் "ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லையே" என்று அனுப்பிவிடுகிறார் என்றால், அடுத்த ஸ்கேனுக்கு ஓடுவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, பணியில் எந்தப் புகை, மருந்து, ரசாயனம் உங்கள் மேல் பட்டிருக்கலாம் என்று எழுத உட்காருங்கள்.

காரணம் இருக்கிறது. பல நச்சுகள் வேலையைக் காட்டிவிட்டு உடம்பை விட்டுப் போய்விடும். வளைகுடாப் போர் முடிந்த கையோடு, 1991 மார்ச்சில், இராக்கின் கமிசியாவில் அமெரிக்க வீரர்கள் ஓர் ஆயுதக் கிடங்கை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதில் சாரின் என்ற நரம்பு நச்சு நிரப்பிய ராக்கெட்டுகள் இருந்ததை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒப்புக்கொண்டது 1996-ல்தான். சுமார் ஒரு லட்சம் பேர் அந்தப் புகையின் பாதையில் இருந்திருக்கலாம் என்று பிறகு கணக்கிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து ரத்தத்தில் சாரினைத் தேடினால் என்ன கிடைக்கும்? அந்த நாளில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதுதான் மிஞ்சியிருக்கிற சாட்சி. வியட்நாம் போரில் அமெரிக்கப் படை தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியில் இருந்த டயாக்சின் நச்சு வருடக்கணக்கில் கொழுப்பில் தங்கும், ஆனால் எல்லா நச்சும் அப்படித் தங்காது.

சரி, எப்படி எழுதுவது? முதலில் இடமும் தேதியும். எந்த முகாமில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, தேதி தெரியாவிட்டால் "மழைக்கு முன்", "விடுப்புக்குப் போய் வந்த பிறகு" என்றாவது. அதற்குக் கீழே கண்ணும் மூக்கும் தோலும் அறிந்தது. "குப்பைக் குழி பக்கத்தில் இருந்தது" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. இப்படி எழுதுங்கள்: "கூடாரத்திலிருந்து குழி சுமார் 300 அடி. தினமும் எரியும். பிளாஸ்டிக், பேட்டரி, மருத்துவக் கழிவு எல்லாம் போட்டு விமான எரிபொருள் ஊற்றிக் கொளுத்துவார்கள். இரவில் காற்று எங்கள் பக்கம் திரும்பும், காலையில் எச்சில் கறுப்பாக வரும். ஏழு மாதம்."

கொடுத்த மாத்திரைகளையும் விடாதீர்கள். வளைகுடாப் போரில் நரம்பு வாயுவிலிருந்து காக்க எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாக 30 மில்லிகிராம் பைரிடோஸ்டிக்மைன் மாத்திரை கொடுத்தார்கள், யார் எத்தனை விழுங்கினார் என்பதற்குப் பலருக்கும் சரியான பதிவே இல்லை. கூடாரத்துக்குள் அடித்த பூச்சிமருந்து, சீருடையில் ஊறவைத்த மருந்து, குளித்த தண்ணீர், நச்சுவாயு எச்சரிக்கை மணி எத்தனை தடவை அடித்தது, எல்லாம் வரட்டும். ஒன்றில் மட்டும் கவனம். ரசாயனத்தின் பெயர் உங்களுக்கு நேரடியாகத் தெரியாவிட்டால் பெயர் போடாதீர்கள், கேள்விப்பட்டதைக் "கேள்விப்பட்டது" என்றே எழுதுங்கள். ஒரு தவறான பெயர் இருந்தால் படிப்பவருக்கு மற்ற நூறு உண்மைகள் மீதும் சந்தேகம் வரும்.

கூட இருந்தவர்களிடமும் எழுதி வாங்குங்கள், ஆனால் நீங்கள் எழுதியதைக் காட்டாமல். தனித்தனியாக எழுதி ஒத்துப்போவதற்குத்தான் மதிப்பு. பழைய போட்டோக்களின் மூலக் கோப்பை அப்படியே வையுங்கள், தேதி அதில் இருக்கும். பணிப் பதிவு, பணிக்கால மருத்துவப் பதிவு இரண்டுக்கும் நகல் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் நோய்க்குறிப்பு. எது எப்போது தொடங்கியது, எத்தனை நாள் நீடிக்கிறது. வேலை செய்த அன்று நன்றாக இருந்து மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லையா? கட்டாயம் எழுதுங்கள், இது முக்கியமான தடயம். கூட வாழ்பவரையும் எழுதச் சொல்லுங்கள், ஞாபகக் குறைவை அவர்தான் முதலில் கவனித்திருப்பார்.

டாக்டரிடம் முழு நோட்டையும் நீட்டாதீர்கள், ஒரே பக்கமாகச் சுருக்கிக் கொடுங்கள். தைராய்டு, ரத்தசோகை, பி12, உறக்கத்தில் மூச்சுத்தடை இவற்றைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். மூச்சிரைப்பு தொடர்ந்தால் நுரையீரல் நிபுணரிடம் போங்கள். இராக், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பி மூச்சுவிட முடியாமல் தவித்த 80 வீரர்களைப் பற்றி 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. 49 பேருக்கு நுரையீரல் பயாப்சி (சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை) செய்ததில் 38 பேருக்குச் சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கியிருந்தன. அந்த 38 பேருக்கும் எக்ஸ்ரே நார்மல்! உடனே பயாப்சி கேளுங்கள் என்று சொல்லவில்லை, அது அறுவை சிகிச்சை, நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதோடு பேச்சை முடித்துக்கொள்ள விடாதீர்கள், அவ்வளவுதான்.

"கூட இருந்தவன் நன்றாகத்தானே இருக்கிறான்" என்பார்கள். பான்1 என்ற மரபணுவின் ஒரு வகை சாரினை வேகமாக உடைக்கிறது, இன்னொரு வகை மெதுவாக. நச்சுவாயு பட்டிருக்கக்கூடியவர்களில் மெதுவான வகை உள்ளவர்களுக்கு வளைகுடாப் போர் நோயின் (அந்தப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வந்த இதுபோன்ற நீடித்த கோளாறுகளின்) ஆபத்து அதிகம் என்று 2022-ல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஹேலியின் குழு காட்டியது. "மன அழுத்தம்" என்றால் சண்டை போட வேண்டாம், அதற்கும் சிகிச்சை எடுங்கள், உடல் பரிசோதனையையும் நிறுத்தாதீர்கள். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம்.

அமெரிக்கப் படையில் இருந்தவர் என்றால் 2022 ஆகஸ்ட் 10-ல் கையெழுத்தான பேக்ட் சட்டத்தைப் பாருங்கள். குறிப்பிட்ட இடங்களில் பணியாற்றியவருக்குச் சில புற்றுநோய்களும் மூச்சு நோய்களும் வந்தால், பணியால்தான் வந்தது என்று அவர் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. அங்கே இருந்ததைப் பதிவு காட்டினால் போதும்.

"நச்சு நீக்கம்" விற்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். கீலேஷன் மருந்து ஈயம் போன்ற உலோகங்களுக்கானது, சாரினையோ புகையையோ அது தொடாது, தேவையில்லாமல் எடுத்தால் சிறுநீரகமே கெடலாம். நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், திடீரென ஒரு பக்கம் செயலிழப்பது இதெல்லாம் வந்தால் நோட்டை விட்டுவிட்டு அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

நோட்டுக்கு ஒரு நகல் எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். புதிதாக ஏதாவது நினைவு வந்தால் பழையதை அடிக்காமல், கீழே அன்றைய தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.