ஊசிப்புல் காட்டுக்கு ஏற்ற செம்மறி: என் அனுபவம்

கரட்டு நிலத்தில் விட்ட கம்பளி ஆடுகள் நாள் முழுக்க மேய்ந்தும் இளைத்தன. விலாவில் சின்னச் சின்னக் கட்டிகள். குடற்புழு மருந்து கொடுத்தேன், தாது உப்புக் கட்டியும் தொங்கவிட்டேன். பலனில்லை.

ஒன்றைப் படுக்கவைத்து ரோமத்தை விலக்கினால், அடியில் ஊசிப்புல் விதைகள்! விதையின் வால் போன்ற இழை ஈரம் பட்டால் முறுக்கவிழும், காய்ந்தால் முறுக்கும். அந்தத் திருகலில் முனை தோலுக்குள் இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, விரலை எதிர்ப்பக்கமாக ஓட்டினால்தான் குத்தும். ரோமம் கத்தரித்தேன், வளர்ந்ததும் மறுபடி அதே கதை.

கடைசியில் குட்டை மயிருள்ள மேச்சேரி இனத்துக்கு மாறினேன். விதை தொற்ற இடமில்லை, கட்டியும் இல்லை. அப்பாடா! மிச்சமிருக்கும் கம்பளி ஆடுகளை, புல் விதை முற்றும் பருவத்தில் மட்டும் அந்தப் பக்கம் விடுவதில்லை.