வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் முதலில் அட்வான்ஸில் கை வைக்காமல் இருக்கப் பழக வேண்டும்

சென்னை சேலையூரில் எங்கள் மாடிப் போர்ஷனை முதல் தடவை வாடகைக்கு விட்டபோது மாதம் 12,000 ரூபாய், பத்து மாத அட்வான்ஸ். ஆக ஒரு லட்சத்து இருபதாயிரம் மொத்தமாகக் கைக்கு வந்தது. பைக் கடனை அடைத்தேன், இன்வெர்ட்டர் ஒன்று வாங்கிப் போட்டேன், மீதி எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியாது. ஒன்றரை வருஷத்தில் குடியிருந்தவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. ஒரு மாதம் முன்னாடியே சொல்லிவிட்டார், வாடகையில் ஒரு ரூபாய் பாக்கி கிடையாது. "அங்கே புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டணும் சார், பதினஞ்சாம் தேதிக்குள்ள கிடைச்சா உதவியா இருக்கும்" என்றார். அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் அவருக்குத் தர முடியும் என்ற நிலையில் நான் இருந்தேன். கடைசியில் என் மனைவியின் வளையல்களை அடகு வைத்துத்தான் கொடுத்தோம். ஒழுங்காக இருந்த ஒரு மனிதரைக் கெஞ்ச வைத்ததை நினைத்தால் இன்னும் மனசு உறுத்துகிறது.

அட்வான்ஸ் நம் பணம் இல்லை, அது குடியிருப்பவரின் பணம். வந்த அன்றே வங்கியில் தனியாக ஒரு எஃப்.டி.யில் (நிரந்தர வைப்பில்) போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. சென்னையில் இன்னும் பத்து மாதம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் மூன்றுக்கு இறங்கிவிட்டேன். அப்புறம் வீடு காலியாகக் கிடக்கும் நாட்கள் குறைந்ததே தவிர நஷ்டம் ஒன்றும் வரவில்லை. இதே தவறின் பெரிய வடிவம்தான் மாத வாடகை இல்லாமல் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு ஒத்திக்கு, அதாவது லீஸுக்கு விடுவது. எட்டு லட்சம், பத்து லட்சம் வாங்கி வேறு எதிலாவது போட்டுவிட்டு, மூன்று வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுக்க முடியாமல் திண்டாடும் குடும்பங்கள் எத்தனையோ. பணத்தைத் தொடாமல் வைத்திருக்க முடியாது என்று தோன்றினால் ஒத்திக்கு விடவே வேண்டாம்.

காலி செய்யும்போது வரும் சண்டைகளில் பாதி பெயிண்டிங் பற்றியது. "வழக்கம்" என்று சொல்லி ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறோம். சட்டத்தின் அட்டவணைப்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம், குழாய் மாற்றுவது, வயரிங் இதெல்லாம் வீட்டுக்காரர் செலவு. டேப், வாஷர், சுவிட்ச், கீசர், வாஷ்பேசின் ரிப்பேர் போன்றவை குடியிருப்பவர் பாடு. பெயிண்டிங்குக்குப் பிடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் எவ்வளவு என்று முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். போகிற நாளில் சொல்வது நியாயமே இல்லை.

ஒப்பந்தம் என்றதும் பத்திரத்தாளில் "11 மாதம்" என்று அடித்துக் கையெழுத்து வாங்கினால் போதும் என்று நினைக்கிறோம். ஒரு வருஷத்துக்குக் குறைவாக இருந்தால் பதிவு வேண்டாம் என்ற பழைய கணக்கில் வந்த பழக்கம் அது. புதுச் சட்டத்தில் எத்தனை மாத ஒப்பந்தமாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், அதை ஆன்லைனிலேயே செய்யலாம். பின்னாடி ஏதாவது தகராறு வந்து வாடகை நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தால் முதலில் தேடுவது அந்தப் பதிவு எண்ணைத்தான்.

சாவி கொடுக்கும் நாளில் நான் செய்யும் ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். குடிவருகிறவரையும் கூட வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போனில் வீடியோ எடுப்பேன். ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடுவோம், ஃபேனைப் போட்டுப் பார்ப்போம், கிச்சன் மேடையில் ஏற்கெனவே இருக்கும் விரிசலை நானே விரலால் காட்டுவேன், கடைசியில் ஈ.பி. மீட்டர் ரீடிங். அதே வீடியோவை அப்போதே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். பத்து நிமிஷ வேலை. இதை ஆரம்பித்த பிறகு "இது நான் உடைச்சதில்ல" என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை.

மின்சாரத்தில் யூனிட்டுக்குப் பத்து ரூபாய், பன்னிரண்டு ரூபாய் என்று வாங்குவது பெரிய அநியாயம், தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் ஓடினால் அந்த 100 பங்காகிவிடும், போதாக்குறைக்கு 500 யூனிட்டைத் தாண்டி, கட்டணம் கூடுதலான மேல் அடுக்குக்கும் போய்விடும். தனிச் சமையலறை உள்ள போர்ஷன் என்றால் தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். கிடைக்கும் வரைக்கும் சப்-மீட்டர் வைத்து, பில்லைக் காட்டி, அவர் பங்கை மட்டும் வாங்குங்கள்.

ரிப்பேரைத் தள்ளிப்போடுவது இன்னொரு தவறு. பாத்ரூம் மூலையில் ஈரம் கசிகிறது என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னபோது "மழை முடியட்டும்மா" என்று நான்கு மாதம் ஓட்டினேன். டைல்ஸ் இடுக்கில் சிமென்ட் பூசினால் முடிந்திருக்கும் வேலை, ஓதம் ஏறிச் சுவர் பூச்சு பெயர்ந்து, கன்சீல்டு வயரிங் வரைக்கும் போய் நின்றது. ரிப்பேர் பார்க்கப் போவதென்றாலும் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சாவி நம்மிடம் இருந்தாலும் அது இப்போது அவர்கள் வீடு.

ஆள் தேடும்போது சைவம் மட்டும், இன்ன மதம் வேண்டாம், பேச்சிலர் வேண்டாம் என்று வடிகட்டிக்கொண்டே மூன்று மாதம் டு-லெட் போர்டைத் தொங்க விடுகிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். முதலில் அது தப்பு, மனிதர்களை அப்படிக் கேட்கக் கூடாது. பார்க்க வேண்டியது வேலை, சம்பளம் ஒழுங்காக வருகிறதா, முந்தைய வீட்டுக்காரர் என்ன சொல்கிறார், அவ்வளவுதான். மூன்று மாதம் காலி என்பது வருஷ வருமானத்தில் கால் பங்கு.

வாடகைக்கு விடுவதற்கென்றே ஃப்ளாட் வாங்க நினைக்கிறவர்கள் வாங்கும் முன்னால் கணக்குப் போடுங்கள். 60 லட்சத்தில் ஃப்ளாட், 45 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 39,000. அந்த ஃப்ளாட்டுக்கு 16,000 வாடகை வந்தால் மாதம் 23,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். வருஷத்தில் ஒரு மாதம் காலி, சொத்து வரி, ரிப்பேர் எல்லாம் போக ஒன்றரை லட்சம் நின்றால் போட்ட விலைக்கு 2.5 சதவீதம். "வாடகையே இ.எம்.ஐ. கட்டிடும்" என்று விற்கிறவர் சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் என்றால் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர் வீட்டில் விசாரியுங்கள், புரோக்கரிடம் இல்லை.

வருமான வரியில் வாடகையைக் காட்டாமல் விடுவதும் வேண்டாத வேலை. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஹெச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப்படி) வரிச்சலுகை கோரும் குடியிருப்பவர் உங்கள் பான் எண்ணைத் தன் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும், எப்படியும் தெரிந்துவிடும். நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று பில் எதுவும் காட்டாமலே கழிவு உண்டு. சென்னை மாநகராட்சியில் அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையும் கிடைக்கும்.

இப்போது மாடியில் இருக்கும் குடும்பத்துக்கு இது நாலாவது வருஷம், வாடகை 14,000. பக்கத்தில் எல்லாரும் 15,500 வாங்குகிறார்களே, ஏற்றச் சொல்லு என்று என் அண்ணன் போன மாதம் சொன்னான். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஏற்றினால் வருஷத்துக்கு 18,000 கூட வரும். அவர்கள் போய்விட்டால் ஒரு மாதம் காலி 14,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பெயிண்டிங் குறைந்தது 20,000. மொத்தம் 48,000, அதை எடுக்கவே இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகும். 500 மட்டும் ஏற்றினேன், சிரித்துக்கொண்டே சரி என்றார்கள்.