கோத்தகிரிக்குப் போனால் முள்ளுப்பழம்

கோடையில் பிள்ளைகளோடு ஊருக்கு வந்து, வெயில் தாங்காமல் கோத்தகிரிக்கோ குன்னூருக்கோ ஏறுகிறீர்களா? தொட்டபெட்டாவுக்குக் கொஞ்ச நேரம் குறைத்து முள்ளுப்பழத்துக்கு, அதாவது காட்டு ராஸ்பெர்ரிக்கு, ஒதுக்குங்கள். பறித்த சாயங்காலமே கசிந்து கூழாகிவிடும் என்பதால் இதைக் கடையில் தேடிப் பயனில்லை. செடியைத் தேடித்தான் போகவேண்டும்.

தேயிலைத் தோட்டத்து ஓரத்திலும் வெயில் விழும் சாலைச் சரிவிலும் புதராகப் படர்ந்திருக்கும். தண்டு முழுக்கச் செம்மயிர், நடுநடுவே கொக்கி முள், காம்புக்கு மூன்று இலை. மஞ்சள் பழம், குட்டிக் குட்டி மணிகளை ஒட்டவைத்த மாதிரி. பிடித்து இழுக்கக் கூடாது. விரல் நுனியால் லேசாக அசைத்தாலே வெளுத்த குருத்து செடியில் நின்றுவிடும், தொப்பி போல உள்ளே குழிந்த பழம் மட்டும் கையில் வரும். வர மறுத்தால் இன்னும் பழுக்கவில்லை. குழிக்குள் எறும்பு இருக்கலாம், ஊதிவிட்டு வாயில் போடுங்கள்.

இன்னொரு வகை சிவந்து, பிறகு கறுக்கும். தண்டில் சாம்பல் பூசியது போலிருக்கும். ஃப்ளோரிடாவில் இருப்பவர்கள் ‘மைசூர் ராஸ்பெர்ரி’ என்று காசு கொடுத்து வாங்கி நடுவது இதைத்தான்! இதைப் பறிக்கும் அன்று பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை வேண்டாம். என் மகளின் சட்டை இன்றும் ஊதாதான்.

பக்கத்திலேயே உண்ணிச்செடியும் வளரும். அதன் காய் வழவழப்பான தனித்தனி உருண்டை, நடுவில் குழி கிடையாது. பச்சைக் காய் விஷம், பிள்ளைகளிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள்.

தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், மருந்தடித்த வரிசையாக இருக்கலாம். காப்புக்காட்டில் பறிக்கவே வேண்டாம். அப்புறம், கோத்தகிரிப் பக்கம் கரடி சகஜம். விடியற்காலையும் அந்தியும் அதன் நேரம், நீங்கள் காலை பத்து மணிக்கு மேல் போனால் போதும்.

2024 மே 7 முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் கேட்கிறார்கள், கிளம்புமுன் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. எவர்சில்வர் பாட்டிலோடு ஒரு டப்பாவும் வைத்துக்கொண்டால் பழத்துக்கு ஆகும்.

விதையை மடித்து நீங்கள் வசிக்கும் இடத்துக்கு எடுத்துப்போகும் ஆசையை மட்டும் விடுங்கள். மஞ்சள் வகை ஹவாயில் புகுந்து காட்டையே அமுக்கிக்கொண்டிருக்கிறது. மிஞ்சிய பழத்தை அன்றிரவே சர்க்கரை போட்டுக் கிளறி, காலையில் ரொட்டியில் தடவித் தின்று தீர்த்துவிட்டு மலை இறங்குங்கள்.