டென்னிஸ் வீரர்களை எடைபோடுவதற்கு முன் அளவுகோலை எடைபோடுங்கள்

தொழில்முறை டென்னிஸ் இன்று எந்த நிலையில் இருக்கிறது, யார் பெரிய வீரர், யாருடைய ஆட்டம் சரிகிறது என்று பேசத் தொடங்கும் ரசிகர்கள் பெரும்பாலும் மூன்று அளவுகோல்களையே கையில் எடுக்கிறார்கள்: தரவரிசை, கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் வென்ற பட்டங்களின் எண்ணிக்கை, கடைசியாகப் பார்த்த ஆட்டத்தின் புள்ளிவிவரம். மூன்றும் பயனுள்ளவைதான். ஆனால் ஒவ்வொன்றும் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே அதன் மீது ஒரு கருத்தை எழுப்ப வேண்டும்.

தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களின் கணக்கு. ஆடவர் கிராண்ட்ஸ்லாமில் பட்டம் வென்றவருக்குக் கிடைக்கும் 2000 புள்ளிகள் அடுத்த ஆண்டு அதே போட்டி வரும்போது கழிந்துவிடும். காலிறுதியில் தோற்பவருக்கு 400 புள்ளிகள் என்பதால், சென்ற ஆண்டின் சாம்பியன் இந்த ஆண்டு கடைசி எட்டுப் பேரில் ஒருவராக வந்தும் 1600 புள்ளிகளை இழக்கிறார். ஆகவே ஒருவர் சறுக்கிவிட்டார் என்று சொல்வதற்கு முன், சென்ற ஆண்டு அதே வாரத்தில் அவர் எதுவரை முன்னேறியிருந்தார் என்று பாருங்கள். விதிவிலக்கான ஆண்டுகளையும் நினைவில் வையுங்கள். 2022-இல் விம்பிள்டன் நிர்வாகம் ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை அனுமதிக்காததால், ஆடவர் டென்னிஸை நடத்தும் ஏடிபியும் மகளிர் டென்னிஸை நடத்தும் டபிள்யூடிஏவும் அந்தப் போட்டிக்குத் தரவரிசைப் புள்ளிகள் வழங்கவில்லை. பட்டம் வென்ற ஜோகோவிச், 2021-இல் பெற்ற 2000 புள்ளிகளும் கழிந்துபோக, மூன்றாம் இடத்திலிருந்து ஏழாம் இடத்துக்கு இறங்கினார். மகளிர் சாம்பியன் ரைபாகினாவோ பட்டம் வென்ற பிறகும் 23-ஆம் இடத்திலேயே நின்றார். அந்த ஆண்டுத் தரவரிசையை மட்டும் வைத்து இவ்விருவரையும் மதிப்பிடுபவர் தவறான முடிவுக்கே வருவார்.

பட்டங்களின் எண்ணிக்கையைக் கையாள இதைவிடக் கூடுதல் கவனம் தேவை. ஜோகோவிச் 24, நடால் 22, ஃபெடரர் 20 என்ற வரிசையை அவர்கள் மூவருக்குள் ஒப்பிடுவது ஓரளவு நியாயமானது. ஒரே காலத்தில், ஏறக்குறைய ஒரே போட்டிகளில் ஆடியவர்கள் அவர்கள். அதே எண்களை ராட் லேவரின் 11 பட்டங்களுக்கு அருகில் வைத்தால் கணக்கு பிசகிவிடும். 1962-இல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களையும் வென்ற பிறகு தொழில்முறை ஆட்டக்காரரான லேவரால், தொழில்முறை வீரர்களுக்கும் கிராண்ட்ஸ்லாம் திறந்துவிடப்பட்ட ஓபன் யுகம் 1968-இல் பிறக்கும்வரை ஐந்து ஆண்டுகள் அந்தப் போட்டிகளில் ஆடவே முடியவில்லை. திரும்பி வந்தவர் 1969-இல் மறுபடியும் நான்கையும் வென்றார். பியோர்ன் போர்க் ஆஸ்திரேலிய ஓபனுக்குச் சென்றது ஒரே ஒரு முறை; அன்றைய முன்னணி வீரர்கள் பலர் அந்தப் போட்டியைத் தவிர்ப்பது வழக்கமாகவே இருந்தது. மார்கரெட் கோர்ட்டின் 24 பட்டங்களில் 13, ஓபன் யுகத்துக்கு முந்தையவை. எனவே வெவ்வேறு காலத்தவரை ஒப்பிடும்போது, எத்தனை வென்றார் என்பதோடு, எத்தனையில் கலந்துகொண்டு அத்தனை வென்றார் என்றும் கேளுங்கள். போர்க் 27 கிராண்ட்ஸ்லாம்களில் ஆடி 11-ஐ வென்றார் என்ற தகவல், 11 என்ற வெறும் எண்ணைவிட எவ்வளவோ அதிகம் சொல்கிறது.

இன்றைய வீரர்களுக்கு வலையருகே ஆடத் தெரியாது, எல்லோரும் பின்கோட்டிலிருந்தே அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற குறை அடிக்கடி எழுகிறது. இதை வீரர்களின் திறமைக் குறைவாகச் சொல்வது அநீதி என்பது என் உறுதியான கருத்து. 2001-இல் விம்பிள்டன் தன் ஆடுகளங்களை முழுவதும் ரைகிராஸ் புல்லுக்கு மாற்றியது. தரை இறுகியது, பந்து முன்பைவிடச் சீராகவும் உயரமாகவும் எழும்பத் தொடங்கியது. மட்டைகளில் பாலியெஸ்டர் நரம்புகள் பரவியதால், முழு வேகத்தில் அடித்த பந்தும் கடும் சுழற்சியால் கோட்டுக்குள்ளேயே விழுந்தது. சர்வீஸ் போட்டுவிட்டு வலைக்கு ஓடுபவரின் காலடியிலோ பக்கவாட்டிலோ பந்தைத் தாழ்த்தி அனுப்புவது எளிதாகிவிட்ட பிறகு, அந்த ஆட்டமுறையை முழுநேரமும் நம்பியிருப்பது வீரருக்கே ஆபத்தானது. ஆட்டத்தின் பாணி மாறியதைப் பற்றிப் பேசும்போது தரை, நரம்பு, பந்து ஆகிய மூன்றையும் பேசிவிட்டு, அதன் பின்னரே வீரரிடம் வாருங்கள்.

ஒரு தனி ஆட்டத்தை அலசும்போது, மொத்தப் புள்ளிகளை முதலில் பார்க்காதீர்கள். 2019 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் ஃபெடரர் 218 புள்ளிகளும் ஜோகோவிச் 204 புள்ளிகளும் வென்றனர். ஆயினும் சமநிலையில் நிற்கும் செட்டை முடித்துவைக்கும் டை-பிரேக்குகள் மூன்றையும் கைப்பற்றிய ஜோகோவிச்சே கோப்பையைப் பெற்றார். 5 மணி 29 நிமிடம் நீண்ட 2025 பிரெஞ்சு ஓபன் இறுதியிலும், எதிராளிக்குப் பட்டத்தையே தந்திருக்கக்கூடிய மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட்களைத் தடுத்து மீண்டு வென்ற அல்கராஸைவிடச் சின்னர் ஒரு புள்ளி அதிகமாகவே எடுத்திருந்தார். பிரேக் பாயிண்ட்கள் (எதிராளியின் சர்வீஸ் கேமைப் பறிக்கும் வாய்ப்புகள்), டை-பிரேக்குகள், இரண்டாவது சர்வீஸில் வென்ற புள்ளிகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். எதிராளியின் அழுத்தம் இல்லாமலே செய்யும் தேவையற்ற தவறுகளின் எண்ணிக்கை, குறிப்பெடுப்பவரின் தீர்ப்பைச் சார்ந்தது. ஒரு போட்டியில் பதிவான எண்ணை வேறொரு போட்டியின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

ஊக்கமருந்து வழக்குகளில் தீர்ப்பின் உரையைப் படிக்காமல் கருத்துச் சொல்லாதீர்கள். பொருள் எது, அது உடலுக்குள் வந்த வழி நிரூபிக்கப்பட்டதா, மேல்முறையீடு என்ன ஆனது என்பவை தண்டனையின் நீளத்தை மாற்றுகின்றன. சிமோனா ஹாலெப்புக்கு விதிக்கப்பட்ட நான்கு ஆண்டுத் தடை, 2024-இல் விளையாட்டு நடுவர் மன்றத்தில் ஒன்பது மாதங்களாகக் குறைந்தது.

ஆடவர், மகளிர் டென்னிஸ் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கிறீர்களா என்றும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளின் எட்டு ஆடவர் கிராண்ட்ஸ்லாம்களையும் அல்கராஸும் சின்னரும் பங்கிட்டுக்கொண்டபோது இருவரின் ஆதிக்கம் சலிப்பூட்டுகிறது என்றவர்களில் சிலரே, 2025-இல் மகளிரில் கீஸ், காஃப், ஸ்வியாடெக், சபலென்கா என நான்கு சாம்பியன்கள் வந்தபோது நிலைத்தன்மை இல்லை என்றார்கள். அதே ஆண்டில் சபலென்கா நான்கு போட்டிகளிலும் அரையிறுதியை எட்டி, மூன்றில் இறுதி ஆட்டம் ஆடினார். பட்டம் பலரிடம் போனது என்பதற்காக முன்னணியில் உறுதி இல்லை என்றாகிவிடாது.

இறுதியாக, டென்னிஸின் நிலை என்பது முதல் பத்து பேரின் நிலை மட்டுமல்ல. கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரிவின் 128 இடங்களில் 104 தரவரிசைப்படியும், 16 தகுதிச் சுற்று வழியாகவும், 8 போட்டி நிர்வாகம் தரும் சிறப்பு அழைப்பான வைல்டு கார்டாகவும் நிரம்புகின்றன. நூறாவது இடத்தைச் சுற்றி நிற்பவருக்கு ஒரு சில புள்ளிகளே நேரடி நுழைவையும் முதல் சுற்றுப் பரிசுத் தொகையையும் தீர்மானிக்கின்றன. பயணம், பயிற்சியாளர், மருத்துவம் எல்லாம் அவர் கைச்செலவு. 2024-இல் ஏடிபி முதல் 250 இடங்களில் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்ச வருமான உறுதி அளிக்கும் திட்டத்தைத் தொடங்கியதற்குக் காரணம் இந்த நெருக்கடியே. தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்றாக வேண்டும். 2021 அமெரிக்க ஓபனில் எம்மா ரடுகானு அந்த வழியில் நுழைந்து, ஒரு செட்டும் இழக்காமல் பத்து ஆட்டங்களை வென்று கோப்பையை எடுத்தார். அடுத்த கிராண்ட்ஸ்லாம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் தகுதிச் சுற்று ஆட்டங்கள் சிலவற்றைப் பாருங்கள். தொடர்ந்து முதல் சுற்றில், அதில் தேறியவர்கள் முன்னணி வீரர்களை எத்தனை செட்வரை இழுக்கிறார்கள் என்று குறித்துவையுங்கள்.