கோட்டாற்றில் இருந்தபடியே கடற்பனியை அளக்கலாம்

நாகர்கோவில் கோட்டாற்றில் என்னிடம் இயற்பியல் படிக்க வரும் பிள்ளைகள் பலரும் கடற்கரைக்காரர்கள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே நீரோட்டம் சொல்கிற வீடுகளில் வளர்ந்தவர்கள். துருவக் கடலின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்ததும் அவர்களிடம் நான் முதலில் சொல்வது: வெண்மையை நம்பாதீர்கள்.

நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் வரைபடத்தை ஆர்க்டிக்குக்கு மாற்றி, ஏப்ரல் மாத நாள் ஒன்றை எடுங்கள். டிசம்பர் வேண்டாம், அங்கே அப்போது துருவ இரவு. இயல்பு நிறப் படத்தில் மேகமும் பனியும் ஒன்றுபோல வெளுத்துக் கிடக்கும். செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவியின் 3-6-7 அலைப்பட்டைப் படத்தை ஏற்றினால் பனி செக்கச்செவேலென்று மாறும். குற்றலை அகச்சிவப்புக் கதிரைப் பனி விழுங்கிவிடுகிறது. நீர்த்துளி மேகம் விழுங்குவதில்லை, அதனால் வெள்ளையாகவே நிற்கும். உயரத்து மேகங்களில் பனித்துகள் இருப்பதால் அவையும் சற்றுச் சிவக்கும். ஐயம் வந்தால் மறுநாள் படத்தைப் பாருங்கள்: மேகம் போயிருக்கும், கரையோடு ஒட்டிய பனி அங்கேயே இருக்கும்.

இருட்டிலும் மேகத்துக்கு அடியிலும் பார்க்க நுண்ணலைதான் வழி. பனி, தண்ணீரைவிட அதிக நுண்ணலையை வெளியிடும். 1978 இறுதியிலிருந்து இப்படித்தான் பதிவு தொடர்கிறது. ஆனால் அந்தப் பதிவில் வரைபடத்தின் ஒரு சதுரக் கட்டம் பக்கத்துக்கு 25 கிலோமீட்டர். நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் அதற்குள் அடங்கிவிடும். நிலமும் அதிக நுண்ணலையை வெளியிடுவதால், பாதி நிலமும் பாதி கடலுமான கட்டம் பனிபோலத் தோன்றும். திருத்தம் செய்யாமல் கணக்கிட்டால் நம் மணக்குடிக் கரையிலும் பனி இருப்பதாக விடை வரும்! கரையோரக் கட்டங்களை விலக்கிவிடுங்கள். கோடையில் பிழை எதிர்த்திசையில் வரும்: பனிமேல் தேங்கிய உருகுநீர் திறந்த கடலாகத் தெரியும்.

அளக்கும்போது பரவலையும் பரப்பையும் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டத்தில் 15 சதவீதம் பனி இருந்தாலே முழு 625 சதுர கிலோமீட்டரும் பரவலில் சேரும். செறிவு, அதாவது கட்டத்தில் பனி மூடிய பங்கு, 40 சதவீதம் என்றால் பரப்பு 250 மட்டுமே. தொடக்கத்தில் நான் இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலந்துவிட்டு ஒரு வார உழைப்பை இழந்தேன்.

ஆர்க்டிக்கை ஆண்டுதோறும் பனி மிகக் குறையும் செப்டம்பரில் ஒப்பிடுங்கள். 2012இல் பரவல் ஏறத்தாழ 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. அண்டார்க்டிக்காவுக்குப் பிப்ரவரி. அங்கே தெற்கு 69.4 பாகை, கிழக்கு 76.2 பாகையில் நம் பாரதி ஆய்வு நிலையம் இருக்கிறது. நவம்பரிலிருந்து நாள்தோறும் அந்தக் கரையைப் பார்த்து வாருங்கள்; ஒட்டிய பனி எந்தத் தேதியில் உடைகிறது என்று நோட்டில் குறியுங்கள்.